பெட்டி சிறுத்த கதை

பெட்டி வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி நிற்பார். நின்றபடியே இரண்டு குதி குதிப்பார். மூடி அமுங்கவில்லை என்றால் விலை பேச ஆரம்பிக்கலாம். என் அப்பாவுக்கு அதுவும் போதாது. கடைக்காரர் ஒல்லி, அவர் குதித்தது கணக்கில் சேராது என்பார். கூட வந்த சித்தப்பாவையும் ஏற்றிப் பார்த்த பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காரைக்குடியிலிருந்து எழும்பூர் வரை ரிசர்வேஷன் இல்லாமல் வருகிறவனுக்குப் பெட்டிதான் இருக்கை, அதுவே சாப்பாட்டு மேசை, நள்ளிரவுக்கு மேல் தலையணையும் அதுதான். மேலே எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதானே முக்கியம்.

போன மாதம் சென்னையில் ஒரு மாலுக்குள், ஏ.சி. ஓடுகிற கடையில், மீசை முளைத்தும் முளைக்காத ஒரு பையன் பெட்டியைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிக் காட்டினான்.

"ஒண்ணு புள்ளி எட்டு கிலோதான் சார்."

அந்த எடையில் பிள்ளை பிறந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இதையும் கண்ணாடி அலமாரிக்குள்தான் வைத்திருந்தார்கள். விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த மூன்று கிலோப் பெட்டியின் விலையையும் பார்த்தேன். எடை குறையக் குறைய விலை ஏறுகிற பண்டம் இதுவாகத்தான் இருக்கும்.

"மேலே ஏறி நின்னு பார்க்கலாமா தம்பி?"

பையன் மேனேஜர் இருந்த திசையைப் பார்த்தான். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, வந்த இடத்துல மானத்தை வாங்காதீங்க."

இந்த வயதில் எனக்கு இந்தப் பெட்டி எதற்கு என்றால், மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி ஏறிப் போகவேண்டும். டிக்கெட்டிலேயே ஆளுக்கு 23 கிலோப் பெட்டிக்கு இடம் உண்டு, தனியாகக் காசு கிடையாது. ஆனால் அவள் கட்டளை வேறு. "அப்பா, பெரிய பெட்டியெல்லாம் வேண்டாம். கேபின் பேக் மட்டும் எடுத்துட்டு வாங்க. பெல்ட் முன்னாடி நின்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்ல." காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஓய்வூதியக்காரனிடம் சொல்கிறாள். சும்மா கொடுக்கிற இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, இருக்கிற இடத்துக்குள் அடங்குவதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டி வாங்குவது எங்கள் வம்சத்தில் இதுவே முதல் தடவை.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பினாங்குக்குக் கணக்குப்பிள்ளையாகப் போனது ரஜூலாவில். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு அலுக்காமல் போய்வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளித்தான் நிற்கும். ஆளும் பெட்டியும் படகில் போய்த்தான் ஏறவேண்டும். ஐயாவின் தகர டிரங்குப் பெட்டி இன்னும் ஊர் வீட்டில் இருக்கிறது. முன்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் அவர் விலாசம். உள்ளே இப்போது பழைய பத்திரங்களும், யாரும் படிக்காத கணக்கு நோட்டுகளும், ஒரு மங்குத் தட்டும். இந்த அமெரிக்கப் பயணத்துக்காக வாங்கிய கைத்தராசைக் கொக்கி மாட்டி அதை எடை போட்டுப் பார்த்தேன். பத்திரங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் போட்டேன். காலிப் பெட்டி மட்டும் பன்னிரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கைப்பெட்டிக்கு ஏழு கிலோதான் என்கிற விமானத்தில் இன்றைக்கு ஐயா அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறப்போனால், உள்ளே ஒரு துண்டுகூட வைக்காமலே ஐந்து கிலோவுக்கு அபராதம் கட்டவேண்டியிருக்கும்.

ஆனால் அந்தக் கனம் யாருக்கும் பாரமாக இல்லை. படகுக்காரர் தூக்கினார், கப்பலில் கூலி தூக்கினார், பினாங்கில் வேறொருவர் தூக்கினார். பெட்டிக்குச் சொந்தக்காரர் பெட்டியைத் தொடுவதில்லை என்பதுதான் அன்றைய லைட்வெயிட்.

ரஜூலாவுக்குப் பிறகு அந்தத் தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்ச்சேதமும் ஆனபோது கடல்வழியே முடிந்துபோனது. சிங்கப்பூரிலிருந்த என் சித்தப்பா அதற்குள் விமானத்துக்கு மாறியிருந்தார். அவர் பெட்டி வேறு ரகம். அரக்கு நிறத்தில் கெட்டி சூட்கேஸ், அதைச் சுற்றி இரண்டு பெல்ட்டு, பெல்ட்டை நம்பாமல் அதற்கு மேல் நைலான் கயிறு. பட்டையான மார்க்கரில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா, பின்கோடு. விமானம் வழிதவறி எங்கே விழுந்தாலும் பெட்டி மட்டும் தபாலில் வீடு வந்து சேர்ந்துவிடும்.

மீனம்பாக்கத்தில் இறங்கி அம்பாசிடர் காரின் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் இறக்கும்போது டிரைவர் வாய்விட்டு "அம்மாடி" என்று சொல்லவேண்டும். சொன்னால் சித்தப்பா அங்கே நன்றாக இருக்கிறார் என்று தெரு முடிவு செய்துகொள்ளும். முகப்பில் பாய் விரித்துத்தான் பெட்டியைத் திறப்பார். திறந்ததும் சோப்பும் கோடாலித் தைலமும் கலந்து ஒரு மணம் வரும். அதற்குப் பாரின் வாசனை என்று பெயர். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர், மைலோ டின், டைகர் பாம், பெண்களுக்கு ஜப்பான் ஜார்ஜெட், ஆண்களுக்கு 555 சிகரெட், எங்களுக்கு முனையில் ரப்பர் வைத்த பென்சில். யாருக்கு எது என்பதில் வந்த மனஸ்தாபங்கள் சில இன்னும் தீரவில்லை. பெரிய அத்தை கடைசிவரை அந்த ஊதா ஜார்ஜெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியை எடை போட்டது விமான கம்பெனி என்றா நினைக்கிறீர்கள்? ஊரே போட்டது.

சித்தப்பாவின் பெட்டிக்குச் சக்கரம் இல்லை. அது எங்கள் ஊர்ப் பின்தங்கல் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் உலகமே அந்த விஷயத்தில் எங்களுக்கு முன்னால் வெகுதூரம் போயிருக்கவில்லை என்று தெரிந்தது. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் நடந்துவிட்டு வந்தான். அடுத்த வருஷம்தான் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருக்கு, பெட்டி கம்பெனியிலேயே பெரிய பதவியில் இருந்தவருக்கு, பெட்டிக்குக் கீழே சக்கரம் வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. குடும்பத்தோடு அரூபா தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இரண்டு கனத்த பெட்டிகளைச் சுமந்து திண்டாடியபோது, விமான நிலையத்தில் ஓர் ஊழியர் ஏதோ ஓர் இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்சியமாகத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். நாலு சக்கரம், ஒரு வார், நாயைக் கூட்டிப்போவதுபோல் இழுக்கவேண்டியது. எடுத்துக்கொண்டு போன பெரிய கடைகள் பலவும் வேண்டாம் என்றன. ஆண்பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா என்பது அவர்கள் சந்தேகம். கடைசியில் மேசிஸ் கடை ஏற்றது. காப்புரிமை வந்தது 1972இல். அதற்கும் பதினைந்து வருஷம் கழித்து, 1987இல், ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி நிற்கவைத்து, இரண்டு சக்கரமும் நீளுகிற கைப்பிடியும் பொருத்தினார். முதலில் அதை வாங்கியவர்கள் விமானப் பணியாளர்கள்தான். அவர்கள் அதை இழுத்துக்கொண்டு போகிற மிடுக்கைப் பார்த்துப் பயணிகளுக்கும் ஆசை வந்தது. ஆண்பிள்ளைத்தனத்தின் கவலையைத் தீர்க்க யூனிபார்ம் போட்ட ஒருவர் இழுத்துக் காட்டவேண்டியிருந்திருக்கிறது.

நம் ஊருக்குச் சக்கரம் வந்து சேர்ந்தபோது அதை உருட்டுவதற்குத் தரை வந்து சேரவில்லை. எழும்பூர் பிளாட்பாரத்தில் பத்தடி உருளும், பிறகு ஒரு பிளவில் மாட்டும். கோயம்பேட்டில் இறங்கி வெளியே வந்தால் பெட்டியைச் சக்கரத்தோடு சேர்த்துத் தோளில் தூக்கவேண்டியதுதான். அதிலும் நாலு சக்கரம் வைத்து எல்லாப் பக்கமும் வழுக்குகிற இப்போதைய ரகம் விமான நிலையப் பளிங்குத் தரைக்காகவே பிறந்தது. என்னைக் கேட்டால் இரண்டு சக்கரம்தான் உத்தமம். சக்கரம் உடம்புக்குள் பதிந்திருக்கும், பருமனாக இருக்கும், பள்ளம் மேடு தாங்கும், அளவெடுக்கும்போது வெளியே துருத்தாது. நாலு சக்கரத்தில் அந்த நாலு குட்டிக் கால்களும் உயரக் கணக்கில் சேர்ந்துவிடும், அந்த அளவுக்கு உள்ளே இடம் போயிற்று. ஆனால் கடையில் இரண்டு சக்கரம் கேட்டபோது பையன் என்னைப் பார்த்த பார்வையில், கிராமபோன் ஊசி கேட்டவனைப்போல் ஆகிவிட்டேன்.

சரி, ஏழு கிலோவுக்கு வருவோம். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிலும் எகானமி வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. லுஃப்தான்சாவில் 8. பிரிட்டிஷ் ஏர்வேஸில் 23 கிலோ; நீங்களே தூக்கி மேலே வைக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் எடையைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை, அளவுச் சட்டத்துக்குள் நுழைந்தால் போதும். ஒரே மேகம், ஒரே ஈர்ப்பு விசை, மூன்று மடங்கு வித்தியாசம். அளவிலும் இதே கூத்து. ஒருவர் 55க்கு 38க்கு 22 சென்டிமீட்டர் என்பார், இன்னொருவர் 55க்கு 40க்கு 23, மற்றொருவர் மூன்றையும் கூட்டினால் 115க்குள் இருக்கவேண்டும் என்று கணக்குப் போடச் சொல்வார். விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. 2015 ஜூனில் ஒரு சமரசம் பேச வந்தது. 55க்கு 35க்கு 20 என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு. அது பல கம்பெனிகள் அதுவரை அனுமதித்ததைவிடச் சின்னது. வைத்திருக்கிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவா என்று ஜனங்கள் கொதித்ததில், பத்து நாள் முடிவதற்குள் சங்கம் அதை ஓரமாக வைத்துவிட்டது.

எனக்குச் செரிக்காதது வேறொன்று. லேப்டாப்பைச் செக்-இன் பெட்டியில் போடாதே என்கிறார்கள். மருந்து, நகை, பணம், பத்திரம் போடாதே. பவர் பேங்க் போடவே கூடாது, தீப்பிடிக்கும். எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போ. சரி என்று எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டால், ஏழு கிலோதான் என்கிறார்கள். இதற்குள்தான் பெட்டியின் எடையும். பெட்டி 3 கிலோ என்றால் உங்களுடையது 4. பெட்டி 1.8 என்றால் உங்களுடையது 5.2. நான் ஆயிரங்களைக் கொட்டி வாங்கப்போவது அந்த 1,200 கிராம் காற்றை.

ஒரு முறை ஒரு விமான கம்பெனியில் (பெயர் வேண்டாம், மறுபடியும் அதில்தான் போகவேண்டியிருக்கும்) ஏறும் வாசலிலேயே தராசு வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பெட்டி எட்டு கிலோவைத் தாண்டிவிட்டது. மனிதர் பதறவே இல்லை. பெட்டியைத் திறந்து ஒரு கோட்டை எடுத்து மாட்டினார். சார்ஜர் இடது பையில், புத்தகம் உள்பையில், ஷேவிங் செட்டு வலது பையில், ஒரு ஜோடி செருப்பு இடுப்பில். தராசு 6.8 காட்டியது. தராசருகே நின்ற பெண் புன்னகையோடு சீட்டை ஒட்டினாள். நாலடி தள்ளிப் போய் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டுக் கோட்டை மடித்தார். விமானத்துக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, சட்டமும் கெடவில்லை.

கடையில் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றோம். அலுமினியச் சட்டம் போட்ட பெட்டியைப் பையனே ஒதுக்கிவிட்டான், அது நாலு கிலோவுக்கு மேல். ஏ.பி.எஸ். மலிவு, ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அமுங்கி மீண்டுவிடும். பாலிபுரொப்பிலீன் அதைவிட லேசு. நைலான் துணிப்பெட்டி அநேகமாக எல்லாவற்றிலும் லேசு, வெளியே பையும் உண்டு, பாஸ்போர்ட்டை எடுக்க மொத்தத்தையும் பிரித்துப் போடவேண்டாம். எனக்கு அதுதான் பிடித்தது. ஒரு கம்பெனிப் பெட்டியில் நடுவே ஜிப் வைத்துப் பெரிதாக்கும் வசதி இருந்தது. அதைத் திறந்தால் அளவு மீறும், மீறினால் ஏற்றமாட்டார்கள். பயன்படுத்தக்கூடாத வசதிக்கும் சேர்த்து விலை போட்டிருந்தார்கள்.

முடிவு சொன்னவள் மனைவி. "துணிப்பெட்டியில சீப்புச்சீடை நொறுங்கிடும்." எந்தப் பெட்டிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்திலும் இந்தச் சோதனை நடந்திருக்காது. ஆனால் காரணம் சரியான காரணம். ஒன்று புள்ளி எட்டு கிலோ பாலிபுரொப்பிலீன், நாவற்பழ நிறம், நாலு சக்கரம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூட்டு எங்கேடா?" என்றார். எண் பூட்டைக் காட்டினேன். பக்கத்தில் இந்தச் சின்னச் சாவித்துவாரம் எதற்கு என்றார். அமெரிக்க அரசாங்கத்துக்கு என்றேன். பெட்டியை உடைக்காமல் திறந்து பார்க்க அவர்களிடம் பொதுச்சாவி உண்டு. அந்தச் சாவிக் கொத்தின் புகைப்படம் முன்பொரு முறை வாஷிங்டன் போஸ்டில் வந்து, அதைப் பார்த்தே பலர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் சாவி செய்துகொண்டார்கள் என்பதையும் சொன்னேன். ஐம்பது வருஷம் சாவியை இடுப்பில் செருகியே வாழ்ந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எதுக்குப் பூட்டு?" என்று மட்டும் கேட்டார்.

மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. பெரிய பெட்டிகள், பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிறு கட்டி, பெயர் எழுதியவை எல்லாம் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுடையவை. இரண்டு வருஷத்துக்கோ மூன்று வருஷத்துக்கோ ஒரு முறை வருகிறவர்கள். வரும்போது ஊருக்கே வாங்கி வரவேண்டும், போகும்போது அறையிலிருக்கும் ஆறு பேருக்கும் ஊறுகாய் எடுத்துப்போகவேண்டும். பக்கத்து வரிசையில் விரலால் தள்ளினால் ஓடுகிற குட்டிப் பெட்டியோடு நிற்பவர்கள் மாதம் ஒரு முறை பறக்கிறவர்கள். போகிற ஊரில் சட்டை துவைத்து மடித்துக் கொடுக்க ஆளும், வேண்டியதை வாசலில் கொண்டுவந்து தருகிற ஆப்பும் அவர்களுக்கு உண்டு. சித்தப்பா காலத்தில் பெட்டி பெருத்தால் ஆள் பெரியவன். இப்போது பெட்டி சிறுத்தால்தான் ஆள் பெரியவன். என் தம்பி மகன் சூரிச்சிலிருந்து முதுகில் ஒரு பையோடு மட்டும் வந்து இறங்கியபோது, "என்னப்பா, வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கே?" என்று கேட்டது அம்மா ஒருவர்தான். மற்ற எல்லோரும் அவன் சம்பளத்தைப் பற்றி மரியாதையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாங்கி வராத சாக்லேட்டை மறுநாள் போனிலேயே வரவழைத்துவிட்டான்.

நாங்கள் எந்த வரிசை என்று பெட்டியைப் பார்த்தால் தெரியாது. பெட்டிக்குள் பார்த்தால் தெரியும். கிளம்புவதற்கு முன்பே அம்மா பேத்திக்காகத் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று தயார் செய்து வைத்திருந்தார். நெய்யை நிறுத்தினேன். 2006க்குப் பிறகு நூறு மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கையில் போகாது, நெய்யும் அதில் சேர்த்திதான் என்று விளக்கினேன். "உறைஞ்ச நெய் எப்படிடா தண்ணியாகும்?" என்றார். பொடியிலும் சிக்கல் இருந்தது. அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 முதல், 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி என்றால் கைப்பெட்டியைப் பிரித்துச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் எடுத்தும் வைத்துக்கொள்வார்கள். ஆகவே இட்லிப் பொடியை இரண்டு பொட்டலமாக்கினோம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா இட்லிப் பொடியைக் கண்டு யோசிக்கிறது என்பதில் அம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கைத்தராசு 7.9 காட்டியது. சீடையை எடுப்பதா, என் ரத்த அழுத்த மாத்திரையை எடுப்பதா என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது. அதைத் தராசில் மாட்டியபோது தராசு அசையவே இல்லை. கையில் மஞ்சப்பையோடு பட்டணம் வந்தவன் என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்வார்கள். 2021இல் தமிழ்நாடு அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் நடத்தி அதைக் கௌரவப்படுத்திவிட்டது. இருக்கைக்கு அடியில் வைக்க இன்னொரு சின்னப் பை கொண்டுபோகலாம் என்று எங்கள் டிக்கெட்டில் இருந்தது. என்ன பொருளால் ஆன பை என்று அதில் சொல்லவில்லை. தின்பண்டம் மொத்தமும் மஞ்சப்பைக்கு மாறியது. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எடை போட்டாள், மஞ்சப்பையைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போர்டிங் பாஸை நீட்டினாள்.

நியூஜெர்சியில் நாவற்பழ நிறப் பெட்டியை மருமகன் பரண் மாதிரி ஓர் அலமாரியில் ஏற்றிவிட்டார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மஞ்சப்பையை மகள் காய்கறிச் சந்தைக்கு எடுத்துப்போனாள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி, எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். மேலே அச்சிட்டிருந்த மணமகன் பெயரை இவள் படித்துக் காட்டினாளாம். அவர் அதைப் போனில் குறித்துக்கொண்டு போனாராம்.